திருமலைப் பாதையும் சடத்துவமும்

திருப்பதி சென்று மீண்ட தமிழன்பர் அனைவரும் அறிந்த அனுபவம் ஒன்றுண்டு. மலைப்பாதையின் வளைவில் பஸ் வலப்புறம் திரும்புகையில் நாம் இடப்புறம் சாய்கிறோம். நம்மைத் தள்ளியவர் எவருமிலர். நேரே சென்ற உடல் நேரேயே செல்ல முற்படுகிறது, வண்டிதான் திரும்புகிறது. இவ்வியல்பே சடத்துவம். 1687இல் நியூட்டன் வெளியிட்ட முதல் இயக்க விதி இதனையே கூறுகிறது.

அலிபிரியிலிருந்து படியேறிய நம் முன்னோர்க்கு இத்தொல்லை இல்லை. நடையின் வேகம் சிறிது. திருப்பதியை உள்ளடக்கிய சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1944இல், மலைமேல் மோட்டார்ச் சாலை அமைந்தது. வேகம் இருமடங்கானால், அதே வளைவில் வண்டியைத் திருப்ப நான்கு மடங்கு விசை வேண்டும். அதனைத் தருவது சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வு; மழையில் அதுவும் குறையும். அத்தகைய வளைவில் எதிரே ஒரு வண்டி வந்தால் ஆபத்து மிகுதி. 1974இல் இரண்டாம் சாலை அமைந்தது. இன்று ஏறுவோர்க்குப் புதியது, இறங்குவோர்க்குப் பழையது.

இறங்குகையில் ஓட்டுநர் தாழ்ந்த கியரில் மெல்லச் செலுத்துகிறார். இடைவிடாது பிரேக்கை அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதை அவர் அறிவார். ரயிலுக்கு நேரமாயிற்றே என்ற கவலை நமக்கு. ஆயினும் அந்நிதானமே நம்மை நலமாக ஊர் சேர்ப்பது.