நீர்மட்டமும் நியாயமும்: இலண்டனின் ஈர எரிவாயு மானிகள்

1812இல் அரசப் பட்டயம் பெற்ற கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி, இலண்டனில் நிலக்கரி வாயுவைக் குழாய்வழி வழங்கத் தொடங்கியபோது, விற்கும் பொருளை அளக்கும் கருவி அதனிடம் இல்லை. விளக்குகளின் எண்ணிக்கை, அவை எரிய ஒப்புக்கொண்ட நேரம் ஆகியவற்றைக் கொண்டே கட்டணம் விதிக்கப்பட்டது. நேரம் கடந்தும் எரியவிட்டவருக்கு இலாபம். முன்னதாக அணைத்தவருக்கு இழப்பு.

அந்நிறுவனத்தின் பொறியாளர் சாமுவேல் கிளெக் 1815இல் காப்புரிமை பெற்ற ஈர மானியும், பின்னர் ஜான் மலாம் அதில் செய்த திருத்தமும் இச்சிக்கலுக்குத் தீர்வாயின. அறைகளாகப் பிரிக்கப்பட்ட உருளை ஒன்று பாதிக்கு மேல் நீரில் மூழ்கியிருக்கும். உட்புகும் வாயுவின் அழுத்தம் அதனைச் சுழற்றும். சுற்றுகளைப் பற்சக்கரங்கள் எண்ணும்.

கண்டுபிடிப்பாளரின் பெயரோடு இவ்வரலாற்றை நிறுத்துவது பொருந்தாது. வாயுவை அளக்கும் அறையின் ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் நீர்ப்பரப்பு. எனவே மானியின் துல்லியம் பட்டறையில் முடிந்துவிடவில்லை. அது நிறுவப்பட்ட நிலவறையில்தான் தொடங்கியது எனலாம். தளம் ரசமட்டத்துக்கு ஒத்திருக்க வேண்டும். நீர் குறித்த மட்டம் வரை நிரம்பியிருக்க வேண்டும். நீர் ஆவியாகிக் குறைந்தால் அறையின் கொள்ளளவு பெருகும், ஒரு சுற்றில் கூடுதல் வாயு செல்லும், நிறுவனம் நட்டமடையும். நீர் மிகுந்தால் நுகர்வோர் பெறாத வாயுவுக்குப் பணம் செலுத்துவார். மானியைச் சற்றே சாய்த்து வைத்தாலும் கணக்கு மாறும். இதனால் நீர் மிகக் குறையும்போது வாயுவை அடைக்கும் மிதவை வால்வு ஒருபுறமும், மிகைநீரை வெளியேற்றும் குழாய் மறுபுறமும் இணைக்கப்பட்டன. முன்னது விற்பவரின் காவல். பின்னது வாங்குபவரின் காவல். மிதவை அடைத்துக்கொண்டால் கடை இருளில் மூழ்கும் என்பது வேறு செய்தி.

1859ஆம் ஆண்டின் எரிவாயு விற்பனைச் சட்டம் இப்பூசலைச் சட்டமொழிக்குக் கொணர்ந்தது. 62 பாரன்ஹீட் பாகை வெப்பத்திலும் 30 அங்குலக் காற்றழுத்தத்திலும் 62.321 பவுண்டு வடிநீர் கொள்ளும் இடமே கன அடி என அது வரையறுத்தது. விற்பவருக்குச் சாதகமாக 2 விழுக்காட்டுக்கு மேலோ, வாங்குபவருக்குச் சாதகமாக 3 விழுக்காட்டுக்கு மேலோ பிழை காட்டும் மானிக்கு முத்திரை இல்லை. இவ்விரு எண்களும் சமமாக இல்லாமை கருதத்தக்கது: பிழை தவிர்க்க இயலாதது என ஏற்ற சட்டம், அதன் சுமையைச் சற்றேனும் விற்பவர் பக்கம் சாய்த்தது. ஆயினும் முத்திரை இடப்பட்டது சோதனைக்கூடத்தில். நீர் வற்றியது வாடிக்கையாளரின் நிலவறையில். நீரே வேண்டாத, தோல் துருத்திகளால் இயங்கும் உலர் மானிகள் 1840களிலேயே வந்துவிட்டன. அவற்றிலோ தோல் விறைத்துச் சுருங்கும் சிக்கல் இருந்தது.