உழாமல் விடுவதற்குக் கொடுத்த பணம்

விளைவிப்பதற்கு மானியம் வழங்கும் அரசாங்கங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். விளைவிக்காமல் விடுவதற்கு அமெரிக்க அரசாங்கம் பணம் வழங்கிவந்த வரலாறு தமிழில் அதிகம் பேசப்படவில்லை. சந்தை விலைக்கு முன்னால் நல்ல நோக்கங்கள் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்விக்கு அந்த வரலாற்றில் பதில் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

முதலாம் உலகப்போர்க் காலத்தில் கோதுமையின் விலை உயர்ந்தபோது அமெரிக்காவின் மத்திய சமவெளிகளில் புல்வெளிகள் பெருமளவில் உழப்பட்டன. 1930களின் வரட்சியில் அந்த மண் காற்றோடு போனது. 1935 ஏப்ரில் 14 ஞாயிற்றுக்கிழமை வீசிய புழுதிப்புயல் பகலை இரவாக்கியது. அதே மாதத்தில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, ஹியூ பென்னற் தலைமையில் மண் பாதுகாப்புச் சேவை தோற்றம் பெற்றது.

அதற்கு முன்னரே, 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், உற்பத்தியைக் குறைப்பதற்குப் பணம் கொடுக்கும் வழக்கம் ஆரம்பித்துவிட்டது. ஆனால், தென்மாநிலங்களின் பருத்தி நிலங்களில் அந்தப் பணம் பெரும்பாலும் நிலச் சொந்தக்காரர்களையே சென்றடைந்தது. பங்குக்குப் பயிரிட்ட ஏழைக் குடும்பங்கள் பல வெளியேற்றப்பட்டன. நிலத்துக்குக் கிடைத்த ஓய்வு அவர்களுக்கு வேலையின்மையாகிப் போனது.

ஜனாதிபதி ஐசன்ஹோவரின் காலத்தில் 1956ஆம் ஆண்டு 'மண் வங்கி' உருவானது. முழுப் பண்ணைகளையுமே தரிசாக விட அனுமதிக்கப்பட்டதால், விதையும் உரமும் விற்றுப் பிழைத்த சிறு நகரங்களின் வியாபாரம் படுத்துவிட்டது. 1972ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் பெருந்தொகையான தானியத்தைக் கொள்வனவு செய்ததையடுத்து விலைகள் உயர, ஓய்விலிருந்த நிலங்கள் மீண்டும் கலப்பையின் கீழ் வந்தன.

இந்த அனுபவங்களின் பின்னணியிலேயே 1985 டிசம்பரில் ஜனாதிபதி ரேகன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலமாக இன்றுள்ள பாதுகாப்பு ஒதுக்கத் திட்டம் கொண்டுவரப்பட்டது. எளிதில் மண்ணரிப்புக்குள்ளாகும் நிலத்தில் 10 முதல் 15 வருடங்களுக்குப் புல்லோ மரமோ வளர்க்க விவசாயி தானாகவே முன்வந்து ஒப்பந்தம் செய்கிறார். அரசாங்கம் வருடாந்த வாடகை கொடுக்கிறது. சிறு நகரங்கள் மீண்டும் பாதிக்கப்படாதிருக்க, பொதுவாக ஒரு மாவட்டத்தின் பயிர்நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் சேர்க்கப்படுவதில்லை.

2007ஆம் ஆண்டில் இவ்வாறு ஓய்வு பெற்ற நிலம் சுமார் 3 கோடி 68 இலட்சம் ஏக்கர். இது இலங்கையின் மொத்தப் பரப்பளவைவிட இரு மடங்குக்கும் அதிகமாகும். ஆனால், அதே ஆண்டின் இறுதியில் இயற்றப்பட்ட சட்டம் சோளத்திலிருந்து பெறப்படும் எதனோலின் பாவனையை மேலும் அதிகரிக்குமாறு பணித்தது. சோள விலை உயர்ந்தது. தவணை முடிந்த ஒப்பந்தங்கள் பலவற்றை விவசாயிகள் புதுப்பிக்கவில்லை. 2014ஆம் ஆண்டுச் சட்டம் திட்டத்தின் உச்சவரம்பை 2 கோடி 40 இலட்சம் ஏக்கராகக் குறைத்தது. 2018ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் படிப்படியாக 2 கோடி 70 இலட்சமாக உயர்த்தியது.

விவசாயிகளைக் குறைகூறுவதில் நியாயமில்லை. கடனும் குடும்பமும் உள்ளவர் கூடுதல் வருமானம் கிடைக்கும் வழியையே தேடுவார். அதேவேளை, ஓய்வுக் காலத்தில் மண் காக்கப்பட்டதும் நீர்ப்பறவைகள் கூடுகட்டிப் பெருகியதும் உண்மையே. ஆனால், புல்வெளி பல வருடங்களாகச் சேமிக்கும் வளத்தை ஒரு பருவத்து உழவு கலைத்துவிடும். அரசாங்கம் இத்திட்டத்தில் பாதுகாப்பை விலைக்கு வாங்கவில்லை, வாடகைக்கே எடுத்திருக்கிறது. அந்த வாடகையைச் சந்தை மிஞ்சும் ஒவ்வொரு தடவையும் 1930களின் பாடம் மறக்கப்பட்டே வந்திருக்கிறது.