இண்டக்‌ஷன் அடுப்பு: முதல்ல பிளக் பாயிண்ட்டைப் பாருங்க!

இண்டக்‌ஷன் அடுப்பில் தீ இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்று பலரும் நினைக்கிறோம். ஆபத்து சுவரில் இருக்கிறது. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜர் மாட்டும் சின்ன பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர்தான். அதனால் 16 ஆம்பியர் பவர் பாயிண்ட் கட்டாயம். பெரிய பின் நுழையலையேன்னு கன்வெர்ட்டர் போடுவது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது இரண்டுமே வேண்டாம். ஒயர் சூடாகி, மேலுறை உருகித் தீப்பிடிக்கலாம்.

சமைத்து முடித்து சுவிட்சை அணைத்ததும் பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்க. சுடுதா? பழுப்பேறி இருக்கா? எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அடுப்பைப் போடாதீங்க.

அடுப்பை ஆஃப் செய்ததும் உள்ளே ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும். அது நின்ற பிறகே சுவர் சுவிட்சை அணைக்கணும்; அவசரப்பட்டால் சர்க்யூட் போர்டு சீக்கிரம் போயிடும். காற்றுத் துளைகளில் சேரும் எண்ணெய்ப் பிசுக்கை, பிளக்கைக் கழற்றிவிட்டு பிரஷ்ஷால் எடுங்க.

மேல் கண்ணாடியில் மயிரிழை விரிசல் என்றாலும் உபயோகிக்காதீங்க. பொங்கிய பால் உள்ளே இறங்கினால் ஷாக் அடிக்கலாம். டேப் ஒட்டிச் சமாளிப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளியே நிற்கணும்.