கட்சியா, தலைவரா, நம்ம தெருக்காரரா?



"மக்கள் ஓட்டுப் போடுவது கட்சிக்கே" என்று முழங்கினார் முதல் அணி நண்பர். புதுச்சேரியில் நின்றுகொண்டு இப்படிச் சொல்லலாமா ஐயா? 2011 பிப்ரவரியில் ரங்கசாமி அவர்கள் ஒரு கட்சி தொடங்கினார். ஏப்ரலில் தேர்தல். 30 இடத்தில் 15 அந்தக் கட்சிக்கு! இரண்டு மாசக் குழந்தை குப்புறக்கூட விழாது. இதுவோ எழுந்து போய் ஆட்சியையே பிடித்தது.

"பார்த்தீர்களா, தலைவர்தான்!" என்று துள்ளுகிறது இரண்டாம் அணி. கொஞ்சம் பொறுங்கள். அதே தலைவர், அதே கட்சி. 2016-இல் 15 எப்படி 8 ஆனது? 2021-இல் அவர் தட்டாஞ்சாவடியிலும் ஏனாமிலும் நின்றார். தட்டாஞ்சாவடி மாலை போட்டது. ஏனாமில் ஒரு சுயேச்சையிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் ஜெயித்த சுயேச்சைகள் மட்டும் 6 பேர்!

காரணம் எளிது. 2021-இல் தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள் இருந்தார்கள். இங்கே அப்போது சராசரி 33 ஆயிரம்தான். காதுகுத்துக்கு வந்தாரா, சாவுக்கு வந்தாரா, சாக்கடை அடைத்தபோது எட்டிப் பார்த்தாரா என்று நம்ம வீட்டு அம்மா கணக்கு வைத்திருக்கிறாள். கத்தரிக்காயையே திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள், வேட்பாளரை விடுவாளா?

ஆனால் ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். 1954 அக்டோபர் 18, கீழூர். பிரெஞ்சு ஆட்சி நீடிப்பதா, இந்தியாவோடு இணைவதா என்று வாக்கெடுப்பு. ஊரே திரண்டு ஓட்டுப் போடவில்லை. புதுச்சேரி, காரைக்கால் மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்த நகரசபை உறுப்பினர்களும் பிரதிநிதி சபை உறுப்பினர்களுமாக 178 பேர்தான் போட்டார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. குபேர் அவர்களும் அவருடைய கூட்டத்தாரும் அந்த ஆண்டு தொடக்கம்வரை பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றவர்கள்; மார்ச்சில்தான் இந்தப் பக்கம் வந்தார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது.

யோசித்துப் பாருங்கள். குழாய்க்கும் தெருவிளக்குக்கும் என்று அனுப்பிய உறுப்பினர், நம் பிள்ளைகள் எந்த நாட்டுப் பிள்ளைகள் என்று முடிவு செய்தார்! அன்று நல்ல முடிவு வந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படியே வரும் என்று யார் எழுதிக் கொடுப்பது?

ஆகவே நடுவர் அவர்களே, மக்கள் பார்ப்பது வாசலுக்கு வந்த முகத்தைத்தான். தாய்மார்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வந்தவரிடம் சாக்கடையைப் பற்றிக் கேளுங்கள்; கூடவே, "நாட்டுக்கு ஒரு சோதனை வந்தால் நீ எந்தப் பக்கம் தம்பி?" என்றும் கேட்டுவிடுங்கள்.