அளவை இழந்த யாழும் அளவால் பிறந்த கிதாரும்



சென்ற கோடை விடுமுறையில், என்னிடம் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். இப்பொழுது அவர் பொறியியற் கல்லூரியில் படிக்கிறார். அவர் கையில் ஒரு பெரிய தாள் இருந்தது. "ஐயா, எனக்கென்றே ஒரு மின் பாஸ் கிதார் செய்துகொள்ளப் போகிறேன். தச்சரிடமும் பேசிவிட்டேன். நாளை மரம் அறுக்கிறார். தாங்கள் ஒருமுறை இப்படத்தைப் பார்க்க வேண்டும்" என்றார்.

படம் மிக அழகாக இருந்தது. உடலின் வளைவும் வண்ணமும் கண்ணைக் கவர்ந்தன. ஆயினும் தாள் முழுவதிலும் ஓர் எண்கூட இல்லை. "தம்பி, தந்தியின் நீளம் எவ்வளவு?" என்று கேட்டேன். அவர் விழித்தார். "நாளைக்கு மரம் அறுக்க வேண்டா, இன்று மாலை வரை என்னுடன் இரு" என்றேன். அன்று அவருக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் நாமக்கல் சமவெளியில் நின்று கிழக்கே நோக்கினால் கொல்லிமலை தெரியும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அவனை வன்பரணர் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 152ஆம் பாட்டாக உள்ளது. அதில் புலவர் தம்முடன் வந்த கலைஞரை நோக்கி, முழவுக்கு மண் பூசவும் யாழைப் பண்ணமைக்கவும் பணிக்கிறார். எனவே, இம்மலைச் சாரலில் யாழ் ஒலித்த காலம் ஒன்று இருந்தது. இன்றோ, கொல்லியில் மட்டுமன்று, தமிழகத்தின் எந்த மூலையிலும் அக்காலத்து யாழ் ஒன்றுகூட நமக்குக் கிடைத்திலது.

யாழ் எவ்வாறு இருந்தது? முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை அதனை உறுப்புறுப்பாக வருணிக்கிறது. அதன் பத்தல் மானின் குளம்பு பதிந்த சுவடுபோல் நடுவே உயர்ந்து இருபுறமும் தாழ்ந்திருந்ததாம். போர்த்த தோல் விளக்கின் சுடர் நிறம் உடையதாம். ஆணிகள் நண்டின் கண்களை ஒத்தனவாம். தண்டு படமெடுத்த பாம்புபோல் நிமிர்ந்து நின்றதாம். படிக்கும்போது யாழ் நம் கண்முன் நிற்கிறது. ஆனால் ஒரு தச்சரிடம் அப்பாட்டைக் கொடுத்து, "இதன்படி ஒன்று செய்து தருக" என்று கேட்க முடியுமா? பாம்பு எத்தனை சாண்? குளம்பு எத்தனை விரல்? புலவர் தம் கடமையைக் குறைவறச் செய்தார். அளவை எழுதி வைப்பது புலவரின் கடமையன்று. கருவி செய்தவரின் கடமை. சிலப்பதிகார உரையாசிரியர்கள் பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று எண்ணிக்கை கூறுவர். வேறு சில அளவுகளும் உரைகளில் உள்ளன. ஆயினும் ஐயமின்றிச் செய்து முடிக்கப் போதுமான முழு வரைபடம் இல்லை.

யாழ் வழக்கொழிந்ததற்குக் காரணங்கள் பல. பாணர் மரபு நலிந்தது, வீணை ஓங்கியது. ஆனால் ஒழிந்த கருவியை மீண்டும் எளிதில் படைக்க முடியாமற் போனதற்கு முதன்மையான காரணம், செய்தவர் கையோடு அளவும் மறைந்ததே. மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், அறிவியல் பயின்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அவர் பல்லாண்டு உழைத்து, இலக்கியத்தையும் கணக்கையும் இணைத்து யாழின் இயல்பை ஆராய்ந்தார். அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார். ஒரு பேரறிஞர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டியிருந்ததை எண்ணிப் பாருங்கள்!

யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணையில் அவ்வாறன்று, ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டுகளின்மேல் அழுத்தி, அதன் நீளத்தைக் குறைத்துப் பல சுரங்களைப் பெறுகிறோம். நீங்கள் பள்ளியில் சுரமானி என்னும் கருவியில் கண்ட விதிதான் இது. தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், வீணை 24 மெட்டுகளுடன் இன்றைய அமைப்பைப் பெற்றது என்பர். அம்மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்படுவன. பிழை நேர்ந்தால் மெழுகை இளக்கி, காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

இனி, பாஸ் கிதாருக்கு வருவோம். தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என மூன்று நிலைகள் உண்டல்லவா? அவற்றுள் மெலிவுக்கென்றே அமைந்த கருவி இது. இதன் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிரும். முன்பு மேனாட்டு இசைக்குழுக்களில் இப்பணியைச் செய்தது ஆளுயரப் பெருவயலின். அதனைத் தூக்கிச் செல்வதும் கடினம். மற்றக் கருவிகளின் முழக்கத்தில் அதன் ஒலி கேட்பதும் அரிது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வந்த லியோ ஃபெண்டர் என்பவர், 1951இல் மெட்டுகள் உடைய மின் பாஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு முன்னரும் சிலர் முயன்றதுண்டு. உலகெங்கும் பரவியது இவருடையதே. அதற்கு அவர் 'பிரிசிஷன்' என்று பெயரிட்டார். துல்லியம் என்பது அதன் பொருள். மெட்டு இருப்பதால் சுரம் பிசகாது என்பதே அப்பெயரின் கருத்து.

அதன் தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது 86.36 சென்டிமீட்டர். இந்த ஓர் எண் முடிவானால் மற்றவை தாமே முடிவாகும். நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் கிடைக்கும், அது 4.85 சென்டிமீட்டர். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது இடைவெளி 4.57. இவ்வாறே சென்றால் 12ஆம் மெட்டு சரிபாதியில், 43.18 சென்டிமீட்டரில் வந்து நிற்கும். நிற்காவிட்டால் கணக்கில் பிழை என்று அறிக. இம்மெட்டுகள் மரத்தில் வெட்டிய பள்ளத்தில் அடித்து இறக்கப்படுவன. மெழுகைப்போல் இளக்கித் திருத்த இயலாது. ஆகவே, அரம் எடுக்கும் முன்னரே அளவு எடுக்க வேண்டும்.

பிறகு வலிமை. நான்கு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு, ஏறத்தாழ 75 கிலோ எடைக்கு ஈடாகும். ஈரம் உலராத மரம் வளைந்துவிடும். நன்கு உலர்ந்த மரம் வேண்டும். கழுத்தினுள் எஃகுக் கம்பியும் வேண்டும். பிறகு மின்பகுதி. காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள்; அதன்மேல் எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்ட உண்மை இது. சேலத்துக் கஞ்சமலை அடிவார மணலில் காந்தத்தை இழுத்து, ஒட்டிவரும் கருந்துகளைக் கண்டு வியந்த சிறுவர்கள் எங்களூரில் பலர். அந்தக் காந்தத்தின் ஆற்றலே இங்கு இசைக்கு ஏவல் செய்கிறது.

இவ்வளவும் சொன்ன நான் என் பிழையையும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், எங்கள் பள்ளிக்குச் சுரமானி வாங்கப் பணம் இல்லை. ஊர்த் தச்சர் ஒருவர் சாண் கணக்கிலேயே ஒன்று செய்து தந்தார். அதன் நாதம் இன்றும் என் காதில் உள்ளது. சில ஆண்டுகளில் கறையான் அதனைத் தின்றது. அதற்குள் தச்சரும் மறைந்துவிட்டார். வேறொருவரைக் கொண்டு மும்முறை செய்வித்தும் அந்த நாதம் வரவில்லை. நாள்தோறும் அளவுகோலைக் கையில் பிடித்துப் பாடம் நடத்திய நான், அதனை ஒருநாளும் அந்தப் பெட்டியின்மேல் வைத்துப் பார்த்ததில்லை!

அந்த மாணவர் ஒரு வாரம் கழித்து மீண்டும் வந்தார். புதிய தாளில் வண்ணம் இல்லை, எண்கள் இருந்தன. மெட்டுகளின் இடங்கள், மரத்தின் கனம், கழுத்தின் அகலம், அடியில் நாள், தச்சரின் பெயர் அனைத்தும் இருந்தன. "ஐயா, தச்சரும் ஒரு படி கேட்டு வாங்கிக்கொண்டார்" என்றார். எனக்கு அதுவே பெருமகிழ்ச்சி தந்தது.

மாணவர்களே! உங்கள் ஊரில் பம்பையோ, பறையோ, உடுக்கையோ செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். அடுத்த விடுமுறையில் அளவு நாடாவும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு அவரிடம் செல்லுங்கள். வணங்கிக் கேளுங்கள், அளந்து எழுதுங்கள், ஒரு படியை அவரிடமே கொடுங்கள். ஓரியின் மலையில் ஒலித்த யாழுக்கு நாம் செய்யத் தவறியதை, இருக்கும் கருவிகளுக்கேனும் செய்வோம்.