பெருங்குடல் இல்லாத உடலின் கணக்கு

பெருங்குடல் மனிதனுக்குத் தேவையே இல்லை என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் உறுதியாக நம்பினர். மலம் அங்கே தேங்கி அழுகுவதால் உண்டாகும் நஞ்சு இரத்தத்தில் கலந்து முதுமையை விரைவுபடுத்துகிறது என்றார் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் இலியா மெச்னிகாஃப். 1908-இல் நோபல் பரிசு பெற்ற அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன், தீராத மலச்சிக்கலுடன் வந்தவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வராத காலம் அது, உயிரிழப்புகள் நேர்ந்தன. தேவையற்ற அந்த அறுவைகளுக்குப் பல நோயாளிகள் கொடுத்த விலை மிகப் பெரியது. மலச்சிக்கலோடு வரும் தலைவலிக்கும் சோர்வுக்கும் காரணம் நஞ்சல்ல, மலக்குடல் புடைத்து விரிவதே என்று 1919-இல் அமெரிக்கரான வால்டர் ஆல்வரெஸ் எழுதினார். லேனும் பிற்காலத்தில் முழுக்கோதுமை ரொட்டி, காய்கனி என்று உணவுப் பிரசாரத்துக்குத் திரும்பினார்.

ஆனால் பெருங்குடல் புண் அழற்சியிலும் புற்றுநோயிலும் பெருங்குடலை எடுப்பது உயிர் காக்கும் சிகிச்சை. சிறுகுடலின் முனையை வயிற்றின் மேல் திறந்துவிடுவது அன்றைய வழி. தோலோடு ஒட்டி வைத்த அந்த வாய் புண்ணாகி, வீங்கி, அடைத்துக்கொள்ளும். லிட்டர் கணக்கில் நீர் வெளியேறி நோயாளிகள் வற்றிப்போவார்கள். 1952-இல் பர்மிங்காமின் பிரையன் புரூக், குடல் முனையைச் சட்டைக் கையை மடிப்பதுபோல் வெளிப்புறமாக மடித்துத் தைத்தார். இந்தச் சிறு மாற்றம்தான் பெருங்குடல் இல்லாமலும் பல்லாண்டு நலமாக வாழ வழி திறந்தது. அப்படி வாழ்ந்தவர்களைக் கவனித்தபோதே அந்த உறுப்பு என்ன செய்துவந்தது என்பது தெளிவாகத் தெரிந்தது.

முதலில் தெரிந்தது நீரும் உப்பும். சிறுகுடலிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் பெருங்குடலுக்குள் வருகிறது; மலத்தோடு போவது 100 முதல் 150 மில்லிலிட்டர்தான். பெருங்குடல் போனபின் தொடக்கத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வெளியேறும். சில வாரங்களில் சிறுகுடல் பழகிக்கொள்ள, அது 500 முதல் 800 மில்லிலிட்டராகக் குறைகிறது. அதோடு சோடியமும் போவதால் உணவில் உப்பைக் குறைக்கச் சொல்லும் வழக்கமான அறிவுரை இவர்களுக்குப் பொருந்துவதில்லை.

கலோரியில் இழப்பு சிறிதே. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றின் பெரும்பகுதியும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகிறது. அங்கே செரிக்காத நார்ச்சத்தையும் மாவுச்சத்தையும் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய அமிலங்களாக்கும். மேற்கத்திய உணவு உண்போரின் ஆற்றல் தேவையில் இவ்வழியே கிடைப்பது 5 முதல் 10 விழுக்காடு என்று 1980களில் மதிப்பிட்டனர். சிறுகுடல் நலமாக இருந்தால் சற்றே கூடுதலான உணவு இதை ஈடுசெய்துவிடும். காய்ச்சலும் அழற்சியும் ஆற்றலை எரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் எடை கூடுவதே வழக்கம்.

சிறுகுடலிலும் பெரும்பகுதியை இழந்தவர்களின் நிலை வேறு. பெருங்குடல் எஞ்சியிருந்த அத்தகையோர் மாவுச்சத்து மிகுந்த உணவு உண்டால் நாளொன்றுக்குச் சில நூறு கலோரிகள் மலத்தில் வீணாகாமல் மிஞ்சுகின்றன என்று 1994-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினர். மெச்னிகாஃப் வேண்டாமென்ற உறுப்பு அவர்களுக்கு உணவூட்டும் உறுப்பாகவே இருந்தது.

1978-இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும், வயிற்றின் மேல் நிலையான வாய் வேண்டாதபடி, சிறுகுடலை மடித்துப் பை செய்து ஆசனவாயோடு இணைக்கும் முறையை வெளியிட்டனர். அந்தப் பையில் பாக்டீரியாக்கள் குடியேறி நார்ச்சத்தை நொதிக்கவைக்கின்றன. அதன் உட்சுவரும் நாளடைவில் ஓரளவு பெருங்குடல் சுவரின் தன்மையைப் பெறுகிறது.