மலர்க் குறுங்கவிதை

மலர்க் குறுங்கவிதை என்பது ஒரு பூவை நடுவில் வைத்துச் சில அடிகளில் முடியும் பாட்டு. பூவை வருணிப்பது இதற்கு இரண்டாம் பட்சம்தான். அது பூக்கும் பருவத்தையும் இடத்தையும் கொண்டு ஒருவர் மனநிலையைக் காட்டுவதே முதன்மை. தமிழில் இதன் செறிவான வடிவம் குறுந்தொகை. அதன் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் அடங்கும். முல்லை பூத்துவிட்டால் கார்காலம் வந்துவிட்டது. பிரிந்து போன தலைவன் திரும்பவேண்டிய நாளும் வந்துவிட்டது. இப்படிப் பூ, விலங்கு போன்ற கருப்பொருளுக்குள் கருத்தைப் பொதிந்து வைப்பதை உள்ளுறை என்பர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். அது 261 அடி நெடும்பாட்டு என்பதால் தாங்கியது. குறும்பாட்டுக்கு ஒரு பூ போதும்.

இதற்கு வெகு நெருக்கமான மரபு பசிபிக் கடலின் ஹவாய்த் தீவுகளில் உள்ளது. அங்கே பாட்டு 'மெலெ', அதில் மறைத்து வைக்கும் பொருள் 'கவோனா'. பாட்டில் வரும் பூ பெரும்பாலும் பூவாக மட்டும் நிற்பதில்லை. காதலியோ குழந்தையோ அரசியோ அதற்குள் இருப்பார். எரிமலைக் குழம்பு ஆறிய பாறையில் முதலில் முளைப்பவற்றில் ஒன்றான ஓஹியா மரத்தின் செம்பூ லெஹுவா. அதைப் பறித்தால் மழை வரும் என்பது தீவு மக்களின் நம்பிக்கை. 1923-இல் தீவுக்கொரு மாலை என்று அதிகாரபூர்வமாக வகுத்தார்கள்: ஹவாய்த் தீவுக்கு லெஹுவா, ஓஆஹுவுக்கு இலிமா. நிலத்துக்கொரு பூ வைத்த திணை மரபு அறிந்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஓர் அடியின் இறுதி ஒலியை அடுத்த அடியின் தொடக்கத்தில் எதிரொலிக்கும் வழக்கமும் அங்கு உண்டு. நம் அந்தாதியின் உறவு அது.

பெங்களூரில் இத்தகைய பாட்டு எழுதுபவருக்குச் சிக்கல் வேறு: இங்குள்ள சாலைப் பூக்கள் பல வந்தேறியவை. 1908-இல் இங்கு வந்து லால்பாக் தாவரவியல் பூங்காவைப் பொறுப்பேற்ற ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் கிரும்பிகல், ஆண்டு முழுதும் ஏதாவதொரு மரம் பூத்திருக்கும்படி சாலைகளுக்கு மரங்களைத் தேர்ந்தார். தபேபுயாவும் ஜகரந்தாவும் அமெரிக்க வெப்பமண்டலத்தவை, குல்மோகர் மடகாஸ்கருடையது. இவற்றுக்குத் திணை இல்லை. ஆனால் காலம் தவறாமை உண்டு. இளஞ்சிவப்புத் தபேபுயா குளிர்கால முடிவில் இலை கொட்டிப் பூக்கும். குழல் வடிவப் பூ இதழ் பிரியாமல் முழுதாக நடைபாதையில் விழும். மார்ச்சு, ஏப்ரலில் ஜகரந்தா ஊதாவாகும். அதன் பின் குல்மோகர். ஒரு குறும்பாட்டுக்கு இந்த நாட்காட்டியே போதுமான முதற்பொருள். எடுத்துக்காட்டாக:

இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப்
பூத்து நிற்கிறது தபேபுயா.
நீ வருவதாகச் சொன்ன மாதம்
மரத்துக்கு நினைவிருக்கிறது.

வந்தேறிய பூ பாட்டில் ஒட்டாது என்பாருக்கு ஹவாயே மறுப்பு. இன்று அத்தீவுகளின் அடையாளமாகிவிட்ட புளுமேரியா அம்மண்ணின் மரமன்று, 1860-இல் கொண்டுவரப்பட்டது. நம் கோயில் வளாகங்களில் நிற்கும் ஈழத்தலரி அதே இனம்.

ஹவாய்ச் சொற்களை இத்தகைய பாட்டில் சேர்ப்போருக்கு ஒரு வசதி உண்டு. அம்மொழியில் ஒவ்வோர் அசையும் உயிரில் முடியும், மெய்கள் அடுத்தடுத்து வாரா, எகர ஒகரங்களுக்கும் குறில் நெடில் வேறுபாடு உண்டு. ஆகவே தமிழ் எழுத்தில் அவை பெரும்பாலும் சிதையாமல் வரும். தொண்டையை ஒரு கணம் அடைத்து ஒலிக்கும் 'ஒகினா' என்ற மெய்க்கு மட்டும் தமிழில் எழுத்தில்லை. அதை ஓசையில்தான் காக்கவேண்டும்.